சந்திரனில் நெல் காயப்போட்ட கதை

உங்களில் யாராவது யன்னல் இல்லாத அறையில் இருந்து இதை வாசிக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து எழுந்துபோய்க் கதவைத் திறந்து வெளியே ஒருமுறை பார்த்துவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள். நான் காத்திருக்கிறேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை?

பார்த்தாயிற்றா? நல்லது. எங்கள் தொழிலில் கண்ணாடியைத் துடைப்பதற்குப் பாடம் இருக்கிறது, திருகாணியை இறுக்குவதற்குப் பாடம் இருக்கிறது, கூட்டத்தில் கொட்டாவி விடாமல் இருப்பதற்குக்கூடச் சிலர் பயிற்சி எடுத்திருக்கிறார்கள். வெளியே போய்ப் பார் என்பதற்கு மட்டும் பாடம் இல்லை. அதனால்தான் நானும் என் அணியும் நட்டநடு வெயிலில், கண்ணுக்கு முன்னால் கிடந்த ஒன்றைக் காணாமல், விசர் பிடிக்கும் நிலைக்கு வந்தோம்.

தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம் சொல்லிவிடுகிறேன். சூரியனின் முகத்தை ஒரு சிறு தட்டால் மறைத்தால் அதைச் சுற்றியிருக்கும் மங்கலான ஒளிவட்டத்தைப் பார்க்கலாம். பூரண கிரகணத்தின்போது தெரிவது அதுதான். பூமியில் காற்று குறுக்கே நின்று அதைக் கெடுத்துவிடும். சந்திரனில் காற்று இல்லை. அங்கே ஒரு கருவியை இறக்கி வைத்துவிட்டால் ஆசைப்பட்டபோதெல்லாம் கிரகணம். பெரிய கருவியைச் செய்தவர்கள் ஒரு குளிர்நாட்டுக் குழுவினர். எங்களுக்குக் கிடைத்தது அதன் தலை மட்டும். சூரியனை விடாமல் பின்தொடர்ந்து, அதன் முகத்தை மறைத்துக்கொண்டு, வேறெந்த வெளிச்சமும் வாய்க்குள் போகாமல் காக்கிற பகுதி அது. சோறு காய்ச்சும் பானை அளவு இருக்கும். அதைச் செய்து முடிப்பதற்குள் என் அணியில் இரண்டு பேருக்குக் கலியாணம் நடந்து பிள்ளையும் பிறந்துவிட்டது.

அந்த ஒளிவட்டம் மிக மெல்லியது. தரையில் பட்டுத் தெறிக்கும் வெயில் கொஞ்சம் உள்ளே புகுந்தாலே காணாமற்போய்விடும். ஆகவே கடைசிப் பரீட்சை இப்படி இருந்தது: சந்திரனின் மண் நிறத்தில் அகலமாக ஒரு தரை போட்டு, நடுவில் தலையை நிறுத்தி, உண்மையான வெயிலில் கீழிருந்து எவ்வளவு வெளிச்சம் ஏறுகிறது என்று அளப்பது. மாசி மாதம். குளிர்நாட்டில் சூரியன் லீவில் போயிருந்தது. எங்களிடம் தாராளமாக இருந்தது.

வன்னியில், ஸ்கந்தபுரத்தில் இடம் எடுத்தோம். பெரிய கொங்கிறீற் தளம் போட்டுச் சாம்பல் நிறம் பூசினோம். மேடில்லை, பள்ளமில்லை, ஒரு மரத்தின் நிழலும் விழாது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'சந்திரன்'. "சந்திரனைக் கூட்டியாச்சோ?" என்றுதான் ஒவ்வொரு காலையும் தொடங்கும். வன்னியிலேயே பிறந்து வளர்ந்த நான், அறுவடைக் காலத்தில், சுற்றிவர வயல் இருக்கிற ஊரில், இப்படி ஒரு தளத்தைப் போட்டுவிட்டு ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று நம்பினேன். உங்களில் ஊரவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள். மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

அளக்கும் நேரத்தில் ஒருவரும் தளத்தில் கால் வைக்கக் கூடாது என்பது விதி. ஒரு வெள்ளைச் சட்டை நடந்து போனாலே கணக்குப் பிழைக்கும். ஆகவே வெயில் ஏறியதும் நாங்கள் எல்லோரும் தளத்துக்குப் பக்கத்தில் அறையாக்கி வைத்த இரும்புக் கொன்ரெயினருக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வோம். யன்னல் கிடையாது. குளிரூட்டி ஒன்று ரக்ரர் மாதிரி இரைந்துகொண்டிருக்கும். பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு மறுபக்கக் கதவால் வெளியே வந்து, நேராக வாகனத்தில் ஏறி வீடு. இந்த விதியை எழுதியவள் நான்தான். மிகவும் இறுக்கமாக எழுதினேன்.

அளவெடுக்கும் பொறுப்பு பர்ஹானாவுக்கு. முல்லைத்தீவுப் பிள்ளை, வாய் கொஞ்சம் கூட, கண் கூர்மை. தலையின் இயந்திர வேலை எல்லாம் நிரோஷன். அவனிடம் ஒரு குறை: எது பிழைத்தாலும் உடனே திருகாணி கழற்றியைத் தேடுவான். முதல் நாள் நடுப்பகலில் பர்ஹானா திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"மிஸ், சந்திரன் மஞ்சளாக் கிடக்கு."

"என்ன மஞ்சள்? விடியத்தான் கூட்டினனாங்கள். சாம்பல் நிறம்."

"தெரியேல்லை மிஸ். கீழையிருந்து வாற வெளிச்சம் வரம்பைத் தாண்டிப் போகுது. மஞ்சள்தான் கூட."

நிரோஷன் அதற்குள் திருகாணி கழற்றியுடன் எழுந்துவிட்டான். அடுத்த நாளும் மஞ்சள். அதற்கடுத்த நாளும் மஞ்சள். தலைக்குள் பூசிய கறுப்பு மை வெயிலில் பழுத்துவிட்டதோ என்று விடியற்காலைகளில் கழற்றிப் பார்த்தோம். மை நன்றாகத்தான் இருந்தது. அடித்தட்டில் இரண்டு நெல்மணி கிடந்தது. "குருவி கொண்டந்து போட்டிருக்கும்" என்றான் நிரோஷன். நாங்கள் எல்லோரும் படித்தவர்கள் அல்லவா, தலையை ஆட்டினோம். குருவி வராமல் இருக்க அவன் ஒரு வலையும் கட்டினான்.

குளிர்நாட்டில் இருந்த திட்டத் தலைவர், வெப்பத்தில் உலோகம் விரிவதைப் பற்றி நீண்ட விளக்கம் அனுப்பினார். அதை வைத்துக் கூட்டம் நடந்தது. கூட்டத்தின் முடிவில் இன்னொரு கூட்டம் வைப்பதாக முடிவானது. நாங்கள் தலையின் வாய்க்குக் கீழே இரண்டாவதாக ஒரு தடுப்பு வளையம் செய்து பொருத்தினோம். மஞ்சள் குறைந்தது, ஆனால் போகவில்லை. நடுவில் ஒரே ஒரு நாள் எல்லாம் ஒழுங்காக வந்தது. அன்று ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டுக் கொண்டாடினோம். மறுநாள் திரும்பவும் மஞ்சள்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. எங்கள் தலை சரிவராவிட்டால் வேறொரு குழு செய்து வைத்திருக்கும் தலையைப் பொருத்துவார்களாம். பரிசீலகர் ஒருவர் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வாராம். பர்ஹானா அன்று முழுக்கப் பழைய அளவுகளைத் திருப்பித் திருப்பிக் கணக்குப் பார்த்தாள். அந்தத் தலைக்காக அவள் வெளிநாட்டில் கிடைத்த படிப்பை விட்டுவிட்டு நின்றவள்.

மறுநாள் நடுப்பகலில், அளவெடுப்பின் உச்சத்தில், எனக்கு வயிற்றைக் கலக்கியது. முதல் நாள் சாப்பிட்ட கணவாய்க் கறியாக இருக்க வேண்டும். மலசலகூடம் தளத்துக்கு அந்தப் பக்கம். விதியை எழுதியவள் கொஞ்ச நேரம் விதியோடு போராடினாள். பிறகு விதி தோற்றது. நான் தளத்துப் பக்கக் கதவைத் திறந்தேன்.

சந்திரன் முழுக்க நெல்.

சாம்பல் நிறம் ஒரு கை அகலம்கூடத் தெரியவில்லை. பொன் நிறத்தில் தகதகவென்று கிடந்தது. நடுவில் எங்கள் தலை சூரியனைப் பார்த்தபடி நின்றது. அதைச் சுற்றி மட்டும் வட்டமாக, மிகவும் மரியாதையாக, கொஞ்ச இடம் விட்டிருந்தார்கள். ஒரு பெண் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, காலால் நெல்லைக் கிண்டிவிட்டபடி வரிவரியாக நடந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

"உங்கடை சாமானுக்குக் கிட்ட நான் போகேல்லை, மிஸ்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்கு ஒரு யோசனை இருக்கும். நான் சொன்னது: "கொஞ்சம் நில்லுங்கோ, வாறன்." சொல்லிவிட்டு நெல்லின் நடுவால் மலசலகூடத்துக்கு ஓடினேன். நெருக்கடியில் எது முதல் என்று தீர்மானிக்கத் தெரிய வேண்டும் என்று நான் அடிக்கடி சொல்வேன் அல்லவா, அந்த ஞானம் எனக்கு அன்றுதான் வந்தது.

திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில் நின்றார். பெயர் தவமலர். பக்கத்து வயலைக் குத்தகைக்குச் செய்கிறவர். தார் றோட்டில் நெல் காயப்போடப் போனால் ஓரமெல்லாம் பெரிய கமக்காரர்கள் ஏற்கெனவே பிடித்து வைத்திருப்பார்களாம். போன போகம் அவருடைய நெல்லில் ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து பெரிய சண்டையாம்.

"இஞ்சை வெயில் ஏறினா ஒருத்தரும் வெளியாலை வாறேல்லை" என்றார். "வடிவான தளம். நான் பின்னேரம் கூட்டி அள்ளிக்கொண்டு போயிடுவன். ஒரு குப்பை விட்டிருக்கிறனே?"

"ஒவ்வொரு நாளும் போட்டனீங்களோ?"

"ஓம். முள்ளியவளையிலை ஒரு கலியாணவீடு. அண்டைக்கு மட்டும் வரேல்லை."

நாங்கள் ரோல்ஸ் சாப்பிட்ட நாள்.

எனக்குக் கோபம் வந்தது. கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் செய்த வேலை, சந்திரனுக்குப் போகிற கருவி, வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறார், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். தவமலர் கேட்டுக்கொண்டே காலால் கிண்டினார். நான் மூச்சு வாங்கியபோது சொன்னார்:

"மெசினாலை வெட்டின நெல், மிஸ். ஈரத்தோடை சாக்கிலை கட்டினா சூடேறிப் பழுதாப்போம். ஒருக்கா விளைஞ்ச நெல்லை அப்பிடியே வயலோடை விட்டிட்டு ஓடினனாங்கள். இனி ஒரு சாக்கும் விடமாட்டன்."

அவர் எந்த ஓட்டத்தைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. யுத்தத்தின்போது நானும் அதே றோட்டால் ஓடியவள்தான். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அன்றைய நெல்லை அவர் காயவைத்து முடிக்கட்டும், நாளையிலிருந்து தளம் எங்களுக்கு என்று பேசி முடித்தோம். உள்ளே போய்ச் சொன்னேன். பர்ஹானா முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள். நிரோஷன் போய்க் குருவி வலையைக் கழற்றினான்.

மறுநாள் சந்திரன் சாம்பலாகவே இருந்தது, அளவும் ஒரு பிழையில்லாமல் அச்சாவாக வந்தது. ஆனால் குளிர்நாட்டுக்காரர் விடுவார்களா? காரணம் என்ன என்று கேட்டார்கள். "தரையில் மஞ்சள் நிறப் பொருள் இருந்தது, அகற்றப்பட்டது" என்று எழுதினேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. இப்படி எழுதினால் சந்தேகம் இரட்டிப்பாகும் என்பதை உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன். "நெல்" என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். பரிசீலகர் அந்த மஞ்சள் பொருளைப் பார்க்கவென்றே குறித்த நாளுக்கு முந்தியே புறப்பட்டு வந்துவிட்டார்.

வந்தவர் உயரமான, சத்தமில்லாத மனிதர். வாழ்நாள் முழுக்கச் சூரியனைப் படித்தவர். வெயிலில் நின்றது அநேகமாக அன்றுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் முகம் நண்டு அவித்த நிறத்துக்கு வந்துவிட்டது. அவருக்குத் தளத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போது படலைக் கதவடியில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் சத்தம். தவமலர், சாக்கு நிறைய ஈரநெல்லுடன்.

"மற்றத் துண்டும் வெட்டியாச்சு, மிஸ்" என்றார். "மெசின்காரன் நேற்றுப் பின்னேரந்தான் வந்தவன். ராத்திரியே சாக்குச் சுடுது. தொட்டுப் பாருங்கோ. இண்டைக்கு மட்டும்."

"ஐயோ, இண்டைக்கு ஏலாது. பின்னாலை நிக்கிறவரைப் பாருங்கோ."

"அவருக்கும் சொல்லுங்கோ. அவர் சாப்பிடுறேல்லையோ?"

பரிசீலகர் கிட்ட வந்தார். ஒரு கை நெல்லை அள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இதுதானா அந்த மஞ்சள் பொருள்?" என்று கேட்டார். ஓம் என்றேன். "பரீட்சைத் தளத்தில் இது ஏன் இருந்தது?" என்று கேட்டார்.

பிள்ளைகளே, இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை. யன்னல் இல்லாத அறைக்குள் நாங்கள் இருந்தோம், ஒரு பெண் வந்து நெல் காயப்போட்டார், எங்களுக்குத் தெரியாது: இதைச் சொன்னால் எங்கள் தலையை விடுங்கள், நாங்கள் நீட்டும் தேநீர்க் கோப்பையைக்கூட ஒருவரும் நம்ப மாட்டார்கள். பர்ஹானா என்னைப் பார்த்தாள். நிரோஷன் நிலத்தைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன், வாய் தன் பாட்டுக்குக் கதைத்தது.

"கருவியைச் சுமந்துபோய்ச் சந்திரனில் இறக்கும் இறங்குகலத்தின் உடம்பு பொன் நிறத் தகட்டால் சுற்றியது அல்லவா? எங்கள் தலைக்கு நேர் கீழே அந்தத் தகடுதான் வரும். சாம்பல் மண்ணை மட்டும் பார்த்தால் போதுமா? பொன் நிறத் தரையையும் பார்க்க வேண்டாமா?"

சொல்லி முடித்ததும்தான் நான் சொன்னது எனக்கே கேட்டது. பொய் சொல்லத்தான் போனேன். இடையில் உண்மை வந்து மாட்டிக்கொண்டது. இறங்குகலம் பொன் நிறம். தலை அதன் தோளில் நிற்கும். தகட்டில் படும் வெயில் நேராக வாய்க்கு ஏறும். இத்தனை வருடம், இத்தனை கூட்டம், எங்களில் ஒருவரும் அதை யோசிக்கவில்லை. நாங்கள் சந்திரனைப் பார்த்தோம், நாங்கள் ஏறிப்போகும் வண்டியைப் பார்க்கவில்லை.

பரிசீலகரின் சிவந்த முகம் மெல்ல வெளிறியது. இறங்குகலத்தின் படத்தைக் கேட்டார். பர்ஹானா கணினியில் காட்டினாள். நெடுநேரம் பார்த்தார். மற்றக் குழு செய்த தலையிலும் இதற்கு ஒரு தடுப்பும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு தவமலரைக் காட்டி, "பரப்பச் சொல்லுங்கள்" என்றார்.

"என்னவாம்?" என்றார் தவமலர்.

"போடட்டாம்."

"நான் அப்பவே சொன்னனான்தானே, நல்ல மனிசனெண்டு" என்றார். அப்படி அவர் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அன்று நெல்லின் மேல் அளந்தோம். பழுதே இல்லாத தலையில் பழுது தேடிய நாட்களில் ஒரு காரணமும் இல்லாமல் பொருத்தினோமே இரண்டாவது வளையம், அது இப்போது வேலை செய்தது. ஆனாலும் மஞ்சள் வரம்புக்கு மேலே கொஞ்சம் எட்டிப் பார்த்தது. வளையத்தை இன்னும் ஒரு விரல் வெளியே இழுத்தால் அடங்கும் என்றான் நிரோஷன். வாழ்க்கையில் முதல் தடவையாக, திருகாணி கழற்றியை எடுக்கும் முன்னர் அவன் யோசித்திருந்தான். "செய்து காட்டுங்கள். இதே பொன் நிறத்தில், முழு வெயிலில்" என்றார் பரிசீலகர். அவர் திரும்பிப் போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

வளையத்தைத் திருத்திக்கொண்டு வந்தபோது முகில் போட்டுவிட்டது. நாள் முழுக்க மப்பும் மந்தாரமும். அடுத்த நாளும் அப்படித்தான். தவமலர் நெல்லை மங்கல் வெயிலில் ஒருவாறு காயவைத்துச் சாக்கில் கட்டிவிட்டார். விற்கிற நெல் ஆலைக்குப் போய்விட்டது. பரிசீலகர் புறப்படுவதற்கு முதல் நாள் நல்ல வெயில் எறிக்கும் என்று செய்தி வந்தது. வெயில் இருக்கும், தலை இருக்கும், நெல் இல்லை. ஊரில் மற்றவர்களிடமும் கேட்டோம். எல்லோரும் காயவைத்து ஏற்றி அனுப்பிவிட்டார்கள். தவமலரின் வீட்டில் சாப்பாட்டுக்கு வைத்த சாக்குகள் இருந்தன. நான் போய்ப் படலையில் நின்றேன். இம்முறை கெஞ்ச வேண்டிய முறை என்னுடையது.

"காய்ஞ்ச நெல்லைத் திருப்பிக் காயப்போடுறதோ?" என்று கேட்டார். "விசரோ, மிஸ்? மேலதிகமாக் காய்ஞ்சா குத்தேக்கை எல்லாம் உடைஞ்சு குறுணலாப் போம்."

"ஒரு நாள்தான். கொஞ்ச நேரம்."

"அண்டைக்கு நானும் ஒரு நாள்தானே கேட்டனான், நீங்கள் ஏலாதெண்டு சொன்னனீங்கள்."

நியாயம். பின்னால் வந்திருந்த பர்ஹானாதான், "அன்ரி, சாப்பாட்டு நெல்லை நீங்கள் அவிக்கிறேல்லையோ?" என்று கேட்டாள். தவமலர் யோசித்தார். வீட்டுச் சோற்றுக்குப் புழுங்கல் வேண்டும். புழுங்கலுக்கு நெல்லை ஊறவைத்து அவிக்க வேண்டும். அவித்த நெல்லைக் காயப்போட்டே ஆக வேண்டும்.

"அவிக்கலாம்" என்றார் தவமலர். "ஆனா நான் இப்ப அவிக்கிற எண்ணம் இல்லை. என்னட்டை ஆளும் இல்லை, விறகும் இல்லை. ஆரும் வந்து நிண்டு அவிச்சா..."

அப்படித்தான், சந்திரனிலிருந்து சூரியனைப் பார்க்கும் கருவியை வடிவமைத்த அணி, விடியமுன்னம் தவமலரின் வீட்டு வளவில் பெரிய கிடாரத்தைச் சுற்றி நின்று நெல் அவித்தது. நிரோஷன் தண்ணீர் அள்ளினான். பர்ஹானா அடுப்பைப் பார்த்தாள். பரிசீலகர் தானும் வருவேன் என்று வந்து, விறகு தள்ளி, புகையில் இருமி, கண் கலங்கி நின்றார். நெல் வாய் பிளக்கும்போது எழும்பும் மணத்தை முகர்ந்து, சாப்பிடலாமா என்று கேட்டார். "அவருக்குப் பசிக்குதாக்கும்" என்று சொல்லித் தவமலர் குசினியிலிருந்து புட்டு கொண்டுவந்து கொடுத்தார். அவர் மிச்சம் வைக்கவில்லை.

வெயில் ஏறும்போது நெல்லைத் தளத்தில் கொட்டிப் பரப்பினோம். அவித்த நெல்லின் நிறம் இன்னும் கொஞ்சம் கடுமை. பரிசீலகர் தகட்டுத் துண்டு ஒன்றை அருகில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதுதான் உண்மையான நிறத்துக்குக் கிட்ட இருக்கிறது என்றார். எல்லாம் தயார். ஆனால் நெல்லிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கிழக்கே முகில் ஒன்று எட்டிப் பார்த்தது.

"மிஸ், தொடங்குவம். முகில் வருது" என்றான் நிரோஷன்.

"ஆவி அடங்கட்டும்."

"வெயில் போயிடும், மிஸ்!"

நான் மறுத்தேன். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன்: பதறும்போது ஏதாவது செய்தால் ஏதோ செய்த திருப்தி வரும், அளவு வராது. ஆவியோடு அளந்தால் கிடைப்பது ஆவியின் கணக்கு. அது நல்லதாக வந்தாலும் நம்ப முடியாது, கெட்டதாக வந்தாலும் நம்ப முடியாது. நான் கொன்ரெயினர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். தவமலர் குடையைப் பிடித்துக்கொண்டு, ஆவி சீக்கிரம் போகட்டும் என்று விறுவிறுவென்று கிண்டிக்கொண்டிருந்தார். நான் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது கடைசி வேலை. பர்ஹானாவுக்கும் நிரோஷனுக்கும் அதுதான் முதல் வேலை. பிழைத்தால் நான் வீட்டுக்குப் போய்விடுவேன், அவர்கள் எங்கே போவார்கள் என்பதுதான் என் மனதில் ஓடியது.

ஆவி அடங்கியது. தவமலரைக் கையால் கூப்பிட்டேன், தளத்தை விட்டு இறங்கினார். "இப்ப" என்றேன்.

பர்ஹானாவின் திரையில் கோடு ஏறியது. வரம்புக்குக் கிட்ட வந்தது. நின்றது. வளைந்து, கீழே படுத்தது. அதற்குப் பிறகு அது எழும்பவே இல்லை. முகில் வந்து சூரியனை மூடும் வரை நாங்கள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பரிசீலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது போகலாம்" என்றார். பிறகு எங்களுக்கு விளங்கவில்லையோ என்று நினைத்து, "இந்தத் தலை சந்திரனுக்குப் போகலாம்" என்று திருப்பிச் சொன்னார்.

நிரோஷன் வெளியே ஓடி நெல்லின் நடுவில் துள்ளினான். "எட தம்பி, சப்பாத்தோடை நெல்லிலை ஏறாதை!" என்று தவமலர் குடையால் விரட்டினார். பர்ஹானா என்னைக் கட்டிப் பிடித்தாள். நான் அழுதேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சத்தமெல்லாம் அடங்கிய பிறகு தவமலர் என்னிடம் கேட்டார்:

"அப்ப உது அங்கை போகுதோ?"

"போகுது."

"அங்கை வெயில் எப்பிடி?"

"அங்கை ஒரு பகல் எங்கடை கணக்கிலை ரெண்டு கிழமை, பதினாலு நாள், தவமலர். முகில் இல்லை, மழை இல்லை. தொடர்ந்து எறிக்கும்."

"ரெண்டு கிழமையும்?"

"ஓம்."

"அங்கை ஆக்கள்?"

"ஒருத்தரும் இல்லை."

தவமலர் மேலே மூடிக்கொண்டு வந்த முகிலைப் பார்த்தார், காயாத நெல்லைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த கவலை உண்மையானது. "ஐயோ, அவ்வளவு வெயிலும் வீணாப் போகுதே" என்றார்.

என்ன சொல்கிறார் என்று பரிசீலகர் கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் முதல் முறையாகச் சிரித்தார். "இனி வீணாகாது, அதற்காகத்தான் இதை அனுப்புகிறோம் என்று சொல்லுங்கள்" என்றார். சொன்னேன்.

தவமலர் எங்கள் தலையை, அதுதான் அந்தப் பானை அளவுச் சாமானை, மேலும் கீழும் பார்த்தார்.

"அவ்வளவு வெயிலுக்கும் உது காணாது, மிஸ், சின்னன்" என்றார்.

அதை நான் பரிசீலகருக்கு மொழிபெயர்க்கவில்லை. உங்களுக்கென்று வைத்திருந்தேன்.